பதிவு வேறு, விண்ணப்பம் வேறு: அரசாங்கப் பாலர்பள்ளி இடத்தைப் புரிந்துகொள்வது

பாலர் கல்வி பற்றிய தலைப்பு தேர்வுத் தாளில் வந்துவிட்டால், நம் மாணவர்கள் எழுதப்போகும் முதல் வாக்கியத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். "நம் நாட்டு அரசாங்கம் பாலர் கல்விக்கு அதிக முக்கியத்துவம் அளித்து வருகிறது." அடுத்து, "நாடு முழுவதும் பல பாலர்பள்ளிகள் அமைக்கப்பட்டுள்ளன." மூன்றாவது வாக்கியத்துக்குள் ஔவையார் வந்து உட்கார்ந்துவிடுவார். பத்தி முடிந்தது. திருத்துபவரும் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்புவார்.

இதில் இலக்கணப் பிழை இல்லை. பொய்யும் இல்லை. ஆனால் எழுதிய மாணவருக்கும் படித்த நமக்கும் இதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "பல" என்றால் எத்தனை, யாருக்கு, எந்த மொழியில், எத்தனை மணி வரை? இடம் கிடைக்காத பிள்ளை எங்கே போகிறது? இந்தக் கேள்விகளைக் கட்டுரையும் கேட்பதில்லை, பெற்றோர் கூட்டங்களில் நாமும் கேட்பதில்லை. அதனால்தான் அரசாங்கம் பணம் கொடுக்கும் பாலர்பள்ளி 'இடம்' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சட்டமும் திட்டமும் அதைப் பற்றி என்ன சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று இங்கே பார்க்கிறேன். பள்ளி வாசலில் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியருக்கு இது பயன்படும். கட்டுரை எழுதப்போகிறவருக்கும், ஆசிரியர் பயிற்சிக் கழக நேர்முகத்துக்குப் போகிறவருக்கும்கூடப் பயன்படும்.

முதலில் 'அரசாங்கம்' என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நம் நாட்டில் பாலர் கல்விக்கு அரசாங்கத்தில் ஒரே வாசல் கிடையாது. கல்வி அமைச்சின் பாலர் வகுப்புகள் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி வளாகங்களுக்குள்ளேயே நடக்கின்றன. இவற்றைத்தான் 'ப்ராசெக்கோலா' என்கிறோம். கிராம மேம்பாட்டு அமைச்சின் கீழ் உள்ள கெமாஸ் துறை தன் சொந்தத் தபிகாக்களை நடத்துகிறது. ஒருமைப்பாட்டுத் துறையின் 'தபிகா பெர்பாடுவான்' வகுப்புகள் பல இனப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கும் நோக்கத்தோடு குடியிருப்புப் பகுதிகளில் நடக்கின்றன. கெமாஸிலும் பெர்பாடுவானிலும் பேச்சும் பாடமும் மலாய்மொழி. தமிழ் வேண்டும், கட்டணமும் கூடாது என்றால், நடைமுறையில் தமிழ்ப்பள்ளிக்குள் இருக்கும் கல்வி அமைச்சின் வகுப்பு ஒன்றுதான் வாசல்.

அந்த வாசலிலும் ஒரு குழப்பம் உண்டு. சில தமிழ்ப்பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு விதமான பாலர் வகுப்புகள் இருக்கும். ஒன்று அமைச்சினுடையது, மற்றது பெற்றோர் ஆசிரியர் சங்கமோ தனியார் அமைப்போ கட்டணம் வாங்கி நடத்துவது. சீருடையும் நிறமும் வேறாக இருந்தாலும் வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கு இரண்டும் ஒன்றுதான். "ஸ்கூல்லதானே டீச்சர் இருக்கு, அப்புறம் ஏன் காசு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கிராணி. அவரும் சில நேரம், "அது வேற, இது வேற" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

தாஸ்கா, தாடிகா குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தாஸ்கா என்பது 4 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அதற்கு 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் தனியே இருக்கிறது, சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். தாடிகா, அதாவது பாலர்பள்ளி, 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குள் வருகிறது. அந்தச் சட்டம் பாலர் கல்வியை 4 முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளுக்கான கல்வித் திட்டம் என்று வரையறுக்கிறது. தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டத்தைப் பின்பற்றச் சொல்கிறது. தேசியமொழி அல்லாத வேறு மொழியில் நடத்தலாம், அப்படி நடத்தினால் தேசியமொழியைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்கிறது. தமிழில் பாலர்பள்ளி நடத்தச் சட்டம் வழிவிடுகிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வழிவிடுவதும் செலவை ஏற்பதும் ஒன்றல்ல.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அமைச்சு வெளியிடும் அறிவிப்புகளை எடுத்து, முதலாம் ஆண்டுக்கு என்ன சொல் போட்டிருக்கிறார்கள், பாலர் வகுப்புக்கு என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலாம் ஆண்டுக்கு 'பெண்டஃப்தாரான்', பதிவு. பாலர் வகுப்புக்கு 'பெர்மோஹோனான்', விண்ணப்பம். இரண்டுக்கும் இணையத்தில்தான் விவரம் நிரப்புகிறோம், ஏறக்குறைய அதே பத்திரங்களைத்தான் கேட்கிறார்கள். ஆனால் இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு சட்டமே இருக்கிறது. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். 7 வயதுக்கான ஆண்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெற்றோரை அப்படிக் கட்டாயப்படுத்துகிற அரசாங்கம் தானும் கட்டுப்படுகிறது. ஒரு பள்ளியில் இடம் இல்லை என்றால் வேறு பள்ளியைக் காட்டியே ஆக வேண்டும். அதனால்தான் அது பதிவு.

பாலர் வகுப்பில் அந்தக் கட்டு யாருக்கும் கிடையாது. பெற்றோர் அனுப்பாமல் இருக்கலாம், அரசாங்கமும் இடம் இல்லை என்று சொல்லலாம். "தங்கள் விண்ணப்பம் வெற்றிபெறவில்லை" என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும். வேறு பள்ளியைக் காட்ட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஒரே பிள்ளை 7 வயதில் பள்ளிக்கு வராவிட்டால் அது குற்றம், அதற்கு முந்தின ஆண்டு வர ஆசைப்பட்டு இடம் கிடைக்காவிட்டால் அது வெறும் ஒரு முடிவு. இந்த இடைவெளியை நம் கட்டுரைகளில் நான் பார்த்ததில்லை.

2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் இந்த இடைவெளியைத் தெரிந்துதான் எழுதப்பட்டது. பாலர்பள்ளி தொடங்கி மேல்நிலை இடைநிலைக் கல்வி வரை எல்லாப் பிள்ளைகளும் 2020க்குள் சேர்ந்திருக்க வேண்டும் என்று அது இலக்கு வைத்தது. நல்ல இலக்குதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது சேர்க்கை விழுக்காட்டைப் பற்றிய இலக்கு. பிள்ளை எந்தப் பாலர்பள்ளியில் இருந்தாலும் கணக்கில் 'ஒன்று'தான். அமைச்சின் வகுப்பில் இலவசமாக இருந்தாலும் ஒன்று, அம்மா மாதாமாதம் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தனியார் தாடிகாவில் இருந்தாலும் ஒன்று. விழுக்காடு ஏறினால் திட்டம் வெற்றி. ஏற்றியது யார் காசு என்று அந்த எண் சொல்லாது. அரசாங்க அறிக்கைகளைத் திறனாய்வு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது, எதை எண்ணுகிறார்கள் என்பதுதான். பிள்ளைகளை எண்ணுகிறார்களா, அரசாங்கம் செலவை ஏற்ற இடங்களை எண்ணுகிறார்களா?

அடுத்தது 25 என்ற எண். அமைச்சின் பாலர் வகுப்பு ஒன்றில் 25 பிள்ளைகள்தான் உச்சம். ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். வகுப்பறைக்குள் நிற்பவருக்கு இந்த உச்சவரம்பு ஒரு வரம், அதைக் கூட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டோம். சிக்கல் எங்கே என்றால், இடம் 25, 25 ஆகத்தான் பிறக்கிறது. ஒரு பள்ளிக்கு 40 விண்ணப்பம் வருகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 15 பேருக்காக அங்கே 15 இடம் தோன்றிவிடாது. இன்னொரு வகுப்பறை வேண்டும், அதற்கு ஆசிரியர் பணியிடம் வேண்டும், உதவியாளர் வேண்டும், பிள்ளைகள் உயரத்துக்குக் கழிவறை வேண்டும். நகரத்துத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கூடத்துக்கே அறை தேடிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம், 150 பிள்ளைகளுக்கும் குறைவாக உள்ள தோட்டப்புறப் பள்ளியில் அறை இருக்கும், வகுப்பு இருக்கும், நாற்காலிகள் காலியாக இருக்கும். நாடு முழுவதுக்குமாகக் கூட்டிப் பார்த்தால் இடம் பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் மொத்தக் கணக்கில் இருக்கும் இடத்துக்கு எந்தப் பிள்ளையும் நடந்து போக முடியாது.

ஷா ஆலமை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். நம்மில் பலருக்கு இது அரசு அலுவலகமும் பல்கலைக்கழகமும் நீலக் கூரைப் பள்ளிவாசலும் உள்ள ஊர். அதற்கு முன்பு இது சுங்கை ரெங்கம், ரப்பரும் செம்பனையுமாக இருந்த தோட்ட நிலம். 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது, 2000இல் மாநகர் தகுதி பெற்றது. தோட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் பள்ளிப் பலகையில் நிற்கிறது. செக்‌ஷன் 7இல் இருக்கும் பள்ளிக்கு இன்றைக்கும் பெயர் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. அந்தத் தெருவில் தோட்டத்தைத் தேடினால் கிடைக்காது. லயத்திலிருந்து நடந்து வந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இப்போது வேறு வேறு செக்‌ஷன்களில், பாடாங் ஜாவாவில், கிள்ளான் பக்கத்து அடுக்குமாடிகளில் சிதறி இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிக்கு வருவது வேனில்தான்.

இந்த ஊர் அமைப்பின் மேல் தேர்வு விதியை வைத்துப் பாருங்கள். அமைச்சின் பாலர் வகுப்புக்கு 5+ பிள்ளைகளுக்கு முன்னுரிமை, குறைந்த வருமானக் குடும்பத்துக்கு முன்னுரிமை, பள்ளிக்கு அருகில் குடியிருப்பவருக்கு முன்னுரிமை. இந்த 5+ என்பதையும் பெற்றோருக்கு விளக்குங்கள். நாம் வீட்டில் 'ஆறு வயசு கிளாஸ்' என்று சொல்வதைத்தான் படிவம் 5+ என்கிறது, அந்த ஆண்டுக்குள் 6 வயது முடியும் பிள்ளை. 'ஐஞ்சு வயசு கிளாஸ்' என்பது அவர்கள் கணக்கில் 4+, இடம் மிஞ்சினால்தான் வாய்ப்பு. மூன்று முன்னுரிமையும் தனித்தனியே நியாயமானவை. தேசியப் பள்ளிக்கு 'அருகில்' என்ற விதி இயல்பாகப் பொருந்தும், பக்கத்துத் தெருவிலேயே ஒன்று இருக்கும். தமிழ்ப்பள்ளிக்கு அப்படி இல்லை. யாருமே அருகில் இல்லாத ஒரு பள்ளிக்கு 'அருகில்' என்ற விதி என்ன சொல்கிறது? தமிழ்ப்பள்ளி யாருக்காக நிற்கிறதோ அந்தக் குடும்பங்களே தூரத்தில் இருப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். விதியை எழுதியவர்கள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. தோட்டம் இருந்த காலத்தில் பொருந்தியிருக்கக்கூடிய விதி இது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அப்புறம்?

அமைச்சின் பாலர் வகுப்பு வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி. காலையில் தொடங்கி நண்பகலோடு முடியும். சிற்றுண்டிக்கு அரசாங்கமே பணம் தருகிறது, கற்றல் பொருளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மானியமும் உண்டு. வகுப்புக்குள் பார்த்தால் நல்ல ஏற்பாடு. வெளியே வாருங்கள். செக்‌ஷன் 15, 16, 23 எல்லாம் தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்யும் அம்மாவுக்கு ஷிஃப்ட் நண்பகலில் முடிவதில்லை. 12 மணிக்கு வகுப்பு விட்டதும் பிள்ளையை யார் எடுப்பது? பாட்டி இருக்கும் வீட்டில் பிரச்சினை இல்லை. பாட்டி இல்லாத வீட்டில் ஒரு வேன், ஒரு பராமரிப்பாளர், மதியச் சாப்பாடு. இந்த மூன்றையும் கூட்டினால் முழுநாள் தனியார் தாடிகாவின் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. "ஃப்ரீதானே, ஏன் வேணாங்கிறாங்க?" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் அதே முடிவுக்கு வர முடியுமா என்று யோசியுங்கள். இடம் இலவசம்தான், அந்த இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது இலவசம் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசாங்கப் பணம் பாலர் கல்விக்குள் வருவது வகுப்பு வழியாக மட்டுமல்ல. பதிவுபெற்ற தாஸ்கா, தாடிகாக் கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை வருமானவரி விலக்கு இருக்கிறது. அதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் பணம்தான். ஆனால் வரி கட்டுபவருக்குத்தான் வரிவிலக்கால் பயன். சம்பளம் கூடக்கூடப் பயனும் கூடும். ஆக, மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு வகுப்பில் முன்னுரிமை, நல்ல சம்பளக் குடும்பத்துக்கு வரிவிலக்கு. நடுவில் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், மனைவிக்கும் சின்ன வேலை. முன்னுரிமைப் பட்டியலில் மேலே வராத அளவுக்குச் சம்பளம், வரி என்று பெரிதாக எதுவும் கட்டாத அளவுக்கும் சம்பளம். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும் இந்தக் குடும்பம்தான் நம் நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் குடும்பம். இந்திய சமுதாயத்துக்கான மித்ரா, பி40 பிரிவுப் பிள்ளைகளின் தனியார் பாலர்பள்ளிக் கட்டணத்துக்கு உதவியிருக்கிறது. பயன்பெற்ற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவிதான், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது ஒதுக்கீட்டையும் அந்தந்த ஆண்டின் திட்டத்தையும் பொறுத்தது. ஆண்டுத் திட்டத்தை நம்பி நான்கு வயதுப் பிள்ளையின் அம்மா வேலைக்குத் திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது.

இவ்வளவும் தமிழுக்கு எப்படி வருகிறது? பெற்றோர் எதையும் அறிவிப்பதில்லை, ஆனால் நடப்பது இதுதான். தமிழ்ப் பாலர் வகுப்பில் இடம் கிடைக்காத பிள்ளை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வேறொரு பாலர்பள்ளிக்குப் போகிறது. அங்கே நண்பர்கள் கிடைக்கிறார்கள், அந்த மொழி நாக்கில் ஏறுகிறது, வேன்காரர் பழகிவிடுகிறார். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்கு எங்கே என்ற கேள்வி வரும்போது பதில் ஏற்கனவே பாதி முடிந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கே வந்தாலும் முதலாம் ஆண்டு ஆசிரியருக்குத் தெரியும், முதல் வாரத்திலேயே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் 'அம்மா, ஆடு' என்று எழுத்தைக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள். மறுபக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நன்றாகப் பேசி, தமிழெழுத்தை அன்றைக்குத்தான் பார்க்கும் பிள்ளைகள். இரண்டு கூட்டத்துக்கும் பாடநூல் ஒன்றுதான். முதலாம் ஆண்டு மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறோம், பதிவு நாளில் பதாகை கட்டுகிறோம், பை கொடுக்கிறோம். குடும்பம் முடிவெடுத்தது அந்த நாளில் அல்ல. ஓர் ஆண்டுக்கு முன்பு, "வெற்றிபெறவில்லை" என்ற வரி வந்த நாளில்.

வேறு நாடுகள் இந்த 'இடம்' என்பதை எப்படி அளக்கின்றன என்று பார்த்தால் நம்முடையது தெளிவாகத் தெரியும். இங்கிலாந்தில் 3, 4 வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாரம் 15 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம், ஆக 570 மணி நேரம் அரசாங்கச் செலவு. வேலை செய்யும் பெற்றோருக்கு இன்னும் கூடுதல் மணிகள். அளவு வகுப்பில் இல்லை, மணியில் இருக்கிறது. அந்த மணிகளைப் பள்ளியில் பயன்படுத்தலாம், தனியார் பாலர்பள்ளியில் பயன்படுத்தலாம், பதிவுபெற்ற வீட்டுப் பராமரிப்பாளரிடமும் பயன்படுத்தலாம். மணிக்கணக்கைப் பார்த்தால் நம் 20 மணி அவர்களுடைய 15ஐவிட அதிகம். ஆனால் அங்கே அந்த மணிகள் கிடைக்கும்படி செய்வது உள்ளூர் மன்றத்தின் சட்டக் கடமை, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. நம்மிடம் மணி அதிகம், கடமை யாருக்கும் இல்லை. அங்கேயும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. விரும்பிய இடத்தில் காலி இருக்காது, சாப்பாட்டுக்கும் கூடுதல் நேரத்துக்கும் காசு கேட்பார்கள். ஆனாலும் இடம் கிடைக்காத பெற்றோருக்குப் போய் நிற்க ஒரு கதவு இருக்கிறது.

தமிழ்நாட்டில் வேறு விதம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 விழுக்காட்டு இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு. எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அங்கிருந்தே தொடங்கும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். அங்கேயும் வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தூரக் கணக்கு இருப்பதைக் கவனியுங்கள். இன்னொரு பக்கம், 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022இல் அவற்றை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது, எதிர்ப்பு எழுந்தது, தொடரும் என்று அரசு அறிவித்தது. பெற்றோர் கையில் இருந்த வகுப்பைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அது ஓர் உதாரணம். பழகிவிட்ட இடம் மெல்ல உரிமையாகிவிடுகிறது.

நம் அமைச்சின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 4 வயது, 5 வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியரோடு வகுப்பு அமைப்பது ஒரு பட்ஜெட்டில் முடியும் வேலை இல்லை. ஏழைப் பிள்ளைக்கு முதலிடம் என்ற விதி சரியானதுதான், அதை மாற்றி முந்தி வந்தவருக்கு முதலிடம் என்று வைத்தால் வேகமான இணையம் உள்ள வீடுதான் ஜெயிக்கும். எனக்கு உடன்பாடில்லாதது இரண்டே இரண்டு. ஒன்று, தமிழ்ப்பள்ளிக்கும் தேசியப் பள்ளிக்கும் 'அருகில்' என்பதற்கு ஒரே பொருள் கொள்வது. இரண்டு, மறுக்கப்பட்ட விண்ணப்பத்தோடு கதையை முடித்துவிடுவது. இடம் இல்லாத பிள்ளைக்கு அடுத்த தமிழ்ப்பள்ளியின் காலி நாற்காலியைக் காட்டும் வேலையை மாவட்டக் கல்வி இலாகா செய்ய முடியும். முதலாம் ஆண்டுக்குச் செய்வதுதானே.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரையில் அரசாங்கத்தைத் திட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "பல பாலர்பள்ளிகள் அமைக்கப்பட்டுள்ளன" என்று எழுதும் இடத்தில், "கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு ஒன்றில் 25 பிள்ளைகள் வரை பயிலலாம். இருப்பினும் தொடக்கக் கல்வியைப் போலப் பாலர் கல்வி கட்டாயமாக்கப்படாததால் விண்ணப்பிக்கும் எல்லாருக்கும் இடம் உறுதியில்லை" என்று எழுதிப் பாருங்கள். இரண்டு வாக்கியம்தான். அடுத்த பத்திக்கு உங்களுக்கே கருத்து வந்துவிடும்: நேரம், தூரம், மொழி, செலவு. விவாதக் கட்டுரை என்றால், 'பாலர் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும்' என்ற தலைப்பில் எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் உண்டு. இடத்தை உறுதிசெய்யாமல் கட்டாயம் மட்டும் வந்தால் அபராதம் ஏழைப் பெற்றோர் தலையில் விழும். ஔவையாரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் கடைசியில் வரட்டும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. நம் பாலர் வகுப்பில் சேர்ந்த 25 பேரின் பெயர் பள்ளியில் இருக்கிறது. விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்களின் கதை என்ன ஆனது என்று நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பெற்றோரிடம் பிறப்புப் பத்திரமும் முகவரியும் எப்படியும் வாங்குகிறோம். அப்போது பள்ளியின் சொந்தக் குறிப்பேட்டில் கூடுதலாக மூன்று விவரம் எழுதிக்கொள்ளுங்கள். போன ஆண்டு பிள்ளை எந்தப் பாலர்பள்ளியில் இருந்தது, நம் வகுப்புக்கு விண்ணப்பித்ததா, கிடைக்கவில்லை என்றால் யாராவது வேறு இடம் காட்டினார்களா. பெற்றோர் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், பெயரையும் வெளியே கொடுக்க வேண்டாம், எண்ணிக்கை போதும். தம்பி, தங்கை யாராவது அடுத்த ஆண்டு 5+ ஆகப்போகிறார்களா என்றும் கேட்டுவைத்தால், விண்ணப்பம் திறக்கும் நேரத்தில் அந்த வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் போடலாம், ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறுகிறது. இப்படி மூன்று ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு இரண்டாவது வகுப்பு கேட்டு எழுதும் கடிதத்தில் 'பல பெற்றோர்கள்' என்று எழுத வேண்டியிருக்காது.